ரெண்டு லைனை ஒண்ணாக்குனா யார் முன்னாடி நிக்கிறது? பைலட் சீனியாரிட்டி லிஸ்ட் சண்டை

[திரையில்: ரயில்வே ரிசர்வேஷன் ஆபீஸ், ரெண்டு கவுண்டர், ரெண்டு லைன்]

ரிசர்வேஷன் கவுண்டர்ல நிக்கிறீங்கன்னு வெச்சுக்கங்க. காலைல அஞ்சு மணிக்கே வந்துட்டீங்க, ஆனா உங்க லைன் நீளமா இருக்கு, முன்னாடி இன்னும் நாப்பது பேரு. பக்கத்து லைன்ல ஒரு தம்பி இப்பதான் வந்தான், அவனுக்கு முன்னாடி பத்தே பேருதான். திடீர்னு உங்க கவுண்டரை மூடிட்டாங்க, "எல்லாரும் அந்த லைனுக்கு போங்க"ன்னு சொல்லிட்டாங்க. இப்ப நீங்க எங்க போய் நிப்பீங்க? "நான் அஞ்சு மணிக்கே வந்தவன்"னு நீங்க சொல்வீங்க. "உங்க கவுண்டர்தான் மூடிட்டாங்களே, எங்க லைன் இல்லேன்னா உங்களுக்கு டிக்கெட்டே கிடையாதே"ன்னு அந்த தம்பி சொல்வான். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதான் சிக்கலே.

ரெண்டு ஏர்லைன்ஸ் ஒண்ணா சேரும்போது பைலட்டுங்களுக்குள்ள நடக்குறது அச்சு அசல் இதேதான். ஆனா இங்க டிக்கெட்டுக்கு பதிலா முப்பது வருஷ வாழ்க்கை.

[திரையில்: காக்பிட், இடது பக்கம் கேப்டன் சீட், வலது பக்கம் கோ-பைலட் சீட்]

அமெரிக்காவுல பெரிய ஏர்லைன்ஸ்ல சேர்ற ஒவ்வொரு பைலட்டுக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க. அந்த நம்பர்தான் எல்லாமே. எந்த ஊர்ல இருந்து பறக்கணும், சின்ன விமானமா பெரிய விமானமா, கேப்டனா கோ-பைலட்டா, தீபாவளி மாதிரி அவங்களுக்கு கிறிஸ்துமஸ், அன்னைக்கு வீட்ல இருக்கலாமா இல்ல எங்கயோ ஒரு ஹோட்டல் ரூம்ல படுத்து கெடக்கணுமா, எல்லாத்தையும் அந்த நம்பர்தான் முடிவு பண்ணும். மாசாமாசம் யாருக்கு எந்த டியூட்டி வேணும்னு பிட் போடுவாங்க (பரிட்சைல போடுற பிட் இல்லங்க, ஏலத்துல கேக்குற மாதிரி), மேல இருக்குறவருக்கு கேட்டது கெடைக்கும், கீழ இருக்குறவருக்கு மிச்சம் மீதி.

கம்பெனிக்கு கஷ்டகாலம் வந்தா கீழ இருந்துதான் ஆள வீட்டுக்கு அனுப்புவாங்க. இதுக்கு ஃபர்லோன்னு பேரு. வேலை இருக்காது, சம்பளம் இருக்காது, ஆனா லிஸ்ட்ல பேரு இருக்கும், நல்லகாலம் வந்தா வரிசைப்படி கூப்பிடுவாங்க. சரி, வேற கம்பெனிக்கு போயிடலாமேன்னா அங்க இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் நேத்து சேர்ந்தவனுக்கு பின்னாடிதான் நிக்கணும். நம்பரை கூட எடுத்துட்டு போக முடியாது.

இப்ப கதைக்கு வருவோம். யூ.எஸ். ஏர்வேஸ்னு ஒரு பழைய கம்பெனி, அமெரிக்காவோட கிழக்கு பக்கம். 2002-ல ஒரு தடவை திவால், 2004-ல மறுபடி திவால். சுமார் 5,000 பைலட்டுங்க, அதுல 1,700 பேர் கிட்ட ஃபர்லோல வீட்ல உக்காந்திருந்தாங்க. மேற்கு பக்கம் அரிசோனாவுல அமெரிக்கா வெஸ்ட்னு சின்ன கம்பெனி, 1983-ல ஆரம்பிச்சது, 1,900 பைலட்டு சொச்சம். 2005 செப்டம்பர்ல ரெண்டும் சேர்ந்துச்சு. பேரு யூ.எஸ். ஏர்வேஸ்னே இருந்துச்சு, ஆனா கடிவாளம் அரிசோனாக்காரங்க கையில.

கிழக்குக்காரங்க கேட்டது சிம்பிள்: வேலைக்கு சேர்ந்த தேதி. யாரு முன்னாடி சேர்ந்தாங்களோ அவங்க மேல, அவ்ளோதான். கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா அப்படி போட்டா என்னாகும்? வீட்ல உக்காந்திருக்குற கிழக்கு ஆள் மேல போயிடுவாரு, மேற்குல கேப்டனா ஓட்டிட்டு இருக்குறவரு அவருக்கு கீழ இறங்கிடுவாரு. மேற்குக்காரங்க, "மூழ்குற கப்பல்ல இருந்து உங்கள தூக்கி விட்டதே நாங்கதான், இப்ப எங்க தலைமேலயே ஏறி உக்காருவீங்களா"ன்னு கேட்டாங்க. அவங்க வேற கணக்கு சொன்னாங்க: விகிதாச்சாரம். அவங்கவங்க கம்பெனில மேல இருந்து எத்தனாவது சதவீதத்துல இருந்தாங்களோ அதே இடம் புது லிஸ்ட்லயும்.

பேசி முடியல, நடுவர் கிட்ட போச்சு. ஜார்ஜ் நிக்கோலாவ்னு அனுபவசாலி. தீர்ப்பு எப்படி இருந்தாலும் ஏத்துக்குறோம்னு ரெண்டு பக்கமும் முன்னாடியே ஒத்துக்கிட்ட நடைமுறை அது, இத நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. 2007 மே மாசம் தீர்ப்பு வந்துச்சு. பெரிய விமானம் ஓட்டுற கிழக்கு பைலட்டுங்க 517 பேர் உச்சில, ஏன்னா மேற்குல அந்த மாதிரி விமான வேலை பெருசா இல்ல. அதுக்கு கீழ வேலையில இருக்குறவங்கள விகிதாச்சாரப்படி கலந்தாரு. ஃபர்லோல இருந்தவங்க மொத்தமா கடைசில.

[திரையில்: நீளமான லிஸ்ட், ஒரு இடத்துல ரெண்டு வரி மட்டும் மஞ்சள் கலர்ல]

இந்த ரெண்டு வரியாலதான் ஊரே பத்திக்கிச்சு. மேற்குல கம்பெனிக்குள்ள நுழைஞ்சு சில மாசமே ஆன ஆளு, அவருக்கு அடுத்த வரில கிழக்குல 16 வருஷத்துக்கு மேல சர்வீஸ் போட்டவரு. ஃபர்லோல இருந்தது மட்டும்தான் அவரு செஞ்ச தப்பு.

ஒரு விஷயம் பாருங்க, லிஸ்ட் போடுறதுன்றது ஃபோட்டோ எடுக்குற மாதிரி, எந்த நாள் எடுக்குறோம்றதுதான் முக்கியம். 2005-ல ஃபோட்டோ எடுத்தா கிழக்கு கம்பெனி ஐசியூல கெடக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆளுங்கள எடுத்துப் பாருங்க, கிழக்குல வயசான பைலட்டுங்க ரிட்டயர் ஆகி ஆகி இடம் காலியாகுது, ஃபர்லோல இருந்தவங்கள திரும்ப கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. "எங்க ரிட்டயர்மெண்ட்டால வர்ற புரமோஷன் எங்களுக்குத்தான"ன்னு அவங்க கேட்டதுல எனக்கு தப்பு தெரியல. ஆனா ஏத்துக்குறோம்னு கையெழுத்து போட்டுட்டு அதுக்கப்புறம் அவங்க செஞ்சது இருக்கே, அது எனக்கு சரியா படல.

என்ன செஞ்சாங்கன்னா, யூனியனையே மாத்திட்டாங்க. எண்ணிக்கைல அவங்கதான மெஜாரிட்டி. 2008 ஏப்ரல்ல ஓட்டெடுப்பு நடந்து, அல்பான்ற பழைய யூனியன் போய் யுசாப்பான்னு புது யூனியன் வந்துச்சு, ஓட்டு வித்தியாசம் 500-க்கும் கம்மி. சேர்ந்த தேதிப்படிதான் லிஸ்ட்டுன்னு அந்த புது யூனியனோட விதிமுறைலயே எழுதி வெச்சிருந்தாங்க.

இன்னொரு முடிச்சு இருக்கு. நிக்கோலாவ் லிஸ்ட் அமலுக்கு வரணும்னா ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சம்பள ஒப்பந்தம் வரணும். ஒப்பந்தம் வரலேன்னா லிஸ்ட்டும் வராது, ஆனா சம்பள உயர்வும் வராது. கிழக்குக்காரங்க திவால் காலத்து வெட்டு சம்பளத்துலயே வருஷக்கணக்கா ஓட்டுனாங்க. சம்பளத்த விட்டுக் குடுத்தாலும் குடுத்தாங்க, நம்பரை விட்டுக் குடுக்கல. ஒரே கம்பெனி, ஒரே யூனிஃபார்ம், ஆனா கிழக்கு பைலட்டும் மேற்கு பைலட்டும் ஒரே காக்பிட்ல சேர்ந்து உக்காந்ததில்ல.

2009 ஜனவரி 15, நியூயார்க் ஹட்சன் ஆத்துல யூ.எஸ். ஏர்வேஸ் விமானத்த இறக்குன கதை எல்லாருக்கும் தெரியும். அந்த விமானத்த ரேடியோல எப்படி கூப்பிட்டாங்க தெரியுமா? கேக்டஸ் 1549. கேக்டஸ்னா கள்ளிச்செடி, அரிசோனா பாலைவனத்து அமெரிக்கா வெஸ்ட்டோட பழைய ரேடியோ பேரு. ஓட்டுன சல்லன்பெர்கரும் ஸ்கைல்ஸும் கிழக்குக்காரங்க. அந்த ஸ்கைல்ஸ் அதுக்கு முன்னாடி கேப்டனா இருந்தவரு, கம்பெனி ஆள் குறைச்சதுல நம்பர் பத்தாம கோ-பைலட் சீட்டுக்கு வந்தவரு.

மேற்குக்காரங்க சும்மா விடல, கோர்ட்டுக்கு போனாங்க. 2009-ல ஃபீனிக்ஸ்ல ஜூரி அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. 2010-ல மேல் கோர்ட்டு, "இன்னும் ஒப்பந்தமே வரலியே, நஷ்டம் வந்தப்புறம் வாங்க"ன்னு அதை தள்ளிடுச்சு. போயி போயி வந்தாங்க.

இதுக்கு நடுவுல சட்டமே மாறுச்சு. 2001-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ-ன்ற இன்னொரு ஏர்லைன்ஸ வாங்குனப்ப, பாதிக்கு மேல டி.டபிள்யூ.ஏ பைலட்டுங்கள லிஸ்ட்டோட வால்ல கொண்டு போய் ஒட்டிட்டாங்க. இதுக்கு ஸ்டேப்பிள்னே பேரு, பின் அடிக்கிற மாதிரி. அதே வருஷம் செப்டம்பர் 11, அப்புறம் ஆள் குறைப்பு, வால்ல இருந்தவங்க கொத்துக் கொத்தா வெளிய போனாங்க. டி.டபிள்யூ.ஏ-வோட தாய்வீடு மிசௌரி, அந்த மாநிலத்து செனட்டருங்க மெக்காஸ்கிலும் பாண்டும் சேர்ந்து 2007 டிசம்பர்ல சட்டம் கொண்டு வந்தாங்க: இனிமே லிஸ்ட் சேர்க்குறது நியாயமா இருக்கணும், பேசி முடியலேன்னா நடுவர். நியாயம்னா என்னன்னு மட்டும் சட்டம் சொல்லல!

நம்ம ஊர்ல நடக்கலியான்னா, நடந்துச்சே. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல சேர்ந்தாங்க, புது ட்ரீம்லைனர் விமானத்துக்கு யாருக்கு டிரெய்னிங்குன்ற சண்டைல 2012-ல ஏர் இந்தியா பக்கத்து பைலட்டுங்க ஸ்ட்ரைக், 58 நாள்.

[திரையில்: அமெரிக்கன் ஏர்லைன்ஸ், யூ.எஸ். ஏர்வேஸ் விமானங்க பக்கத்துல பக்கத்துல]

2013 டிசம்பர் 9, யூ.எஸ். ஏர்வேஸ் அமெரிக்கன் ஏர்லைன்ஸோட சேர்ந்துச்சு. இப்ப ரெண்டு லிஸ்ட் இல்ல, மூணு! கிழக்கு, மேற்கு, அமெரிக்கன். பழைய சண்டைய முடிக்காமயே அடுத்த கல்யாணம். 2015-ல மேல் கோர்ட்டு, யுசாப்பா மேற்குக்காரங்களுக்கு நியாயமா நடந்துக்கலன்னு சொல்லுச்சு. புது நடுவர் குழு மூணு பேரு, மேற்குக்காரங்களுக்கும் தனி கமிட்டி. 2016 செப்டம்பர்ல சுமார் 15,000 பேர் பேரோட ஒரே லிஸ்ட் வந்துச்சு. சர்வீஸ் வருஷத்துக்கு கொஞ்சம் வெயிட், உக்காந்திருந்த சீட்டுக்கு கொஞ்சம் வெயிட், நிக்கோலாவ் லிஸ்ட் அப்படியே வரல.

அமெரிக்காவுல ஏர்லைன்ஸ் பைலட்டுக்கு 65 வயசோட சரி. 2005-ல ரெண்டு கம்பெனியும் ஒண்ணா சேர்ந்த அன்னைக்கு 55 தாண்டுன ஒருத்தரும் இந்த லிஸ்ட் வரும்போது காக்பிட்ல இல்ல.