சட்டைக்குள் இருந்த கட்டி

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. "அண்ணனுக்கா?" என்று முன்வரிசையில் யாரோ மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. தப்பில்லை. டாக்டர் சொன்னபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

ஆண்களுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு, பால் குழாய்களோடு. அதில் புற்றுநோயும் வரலாம். அரிதுதான். மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் ஆணாக இருப்பார். ஆனால் வந்தவருக்கு அந்தக் கணக்கால் என்ன ஆறுதல்?

அண்ணன் கட்டியைக் கண்டு ஏழு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பட்டாணி அளவு, கல் மாதிரி கெட்டி, வலியே கிடையாது. வலி இல்லாததால் விட்டுவிட்டார். பனியனில் ரத்தப் பொட்டு வந்தபோது, அண்ணி கண்ணில் படாமல் தானே துவைத்துக் காயப்போட்டாராம். ஒருநாள்கூட துணி துவைக்காத மனுஷன்.

பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ், தனக்கு இந்த நோய் வந்ததை 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கும் முதல் அடையாளம் சட்டையில் ரத்தப் புள்ளிகள்தான். தயங்காமல் போய்க் காட்டினார், வெட்கப்படாமல் ஊருக்கும் சொன்னார். அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை.

சரி, ஆண்களுக்கு மார்பு வீங்கினாலே புற்றுநோயா? இல்லை. ஹார்மோன் மாற்றம், சில மருந்துகள், கல்லீரல் கோளாறு இவற்றாலும் வீங்கும். அது பெரும்பாலும் காம்புக்கு நேர் பின்னால் ரப்பர் மாதிரி இருக்கும், தொட்டால் வலிக்கும், இரண்டு பக்கமும் வரலாம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, உள்ளே இழுத்த காம்பு, ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது, இவைதான் சந்தேகத்துக்குரியவை. ஆனால் தடவிப் பார்த்து நாமே தீர்ப்பு எழுத முடியாது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், ஊசி போட்டுச் சதை எடுக்கும் பயாப்ஸி எல்லாம் ஆண்களுக்கும் செய்வார்கள்.

இந்தச் சோதனைகளுக்கு மருத்துவமனைக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண், "பேஷன்ட் அம்மா வரலையா?" என்றார். கொடுத்த படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதி கேட்டிருந்தது. அண்ணன் பேனாவைப் பிடித்தபடி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு கோடு இழுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். சிகிச்சை இருக்கிறது, ஆனால் அதற்குப் போகிற வழியில் ஆணுக்கு ஒரு நாற்காலிகூட யாரும் போட்டுவைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

சிகிச்சையில் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் மார்பகத்தை முழுதாக எடுத்துவிடுவார்கள், அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் கதிர்வீச்சு, கீமோ. ஆண்களுக்கு வருவதில் பத்தில் ஒன்பது ஹார்மோனைச் சார்ந்தது என்பதால் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை, வழக்கமாக ஐந்து வருஷம். அதைச் சாப்பிடும்போது சிலருக்கு உடம்பு திடீரென்று கொதிக்கும், தாம்பத்திய ஆசை குறையும். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள், பக்கவிளைவைச் சமாளிக்க வழி உண்டு. நோய் பரவியவர்களுக்கும் மருந்து இருக்கிறது. பால்போசிக்ளிப் என்ற மாத்திரையை ஆண்களுக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் அனுமதித்தது.

கடைசியாக மரபணுச் சோதனை. இந்த நோய் வந்த ஆண்கள் எல்லாருமே செய்துகொள்ள வேண்டியது. அண்ணனுக்கு பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகளானாலும் மகனானாலும். மகனுக்குப் போனால் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் கூடுதல் ஆபத்து. இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். கேட்டு முடித்த மூத்த மகள், "ஏழு மாசம் எங்ககிட்ட ஏன்பா சொல்லல?" என்று மட்டும்தான் கேட்டாள். மறுநாள் அந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது, தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.