துங்குவா, தெங்குவா: ஓர் எழுத்துக்கு 85 வெள்ளி

வணக்கம் மக்களே. இன்றைக்கும் காரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் பேசினால் அம்மாவின் மிக்சி குறுக்கே வரும், போன வீடியோவில் நீங்களே திட்டினீர்கள். பினாங்கு ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கத்தில் எப்படியோ ஓர் இடம் கிடைத்தது. கோப்பி ஓ, பால் இல்லாத காப்பி, இருக்கிறது, கோபமும் இருக்கிறது. முதலில் இதைப் பாருங்கள், கிட்டே காட்டுகிறேன், வெளிச்சம் அடிக்கிறதா, சரி. மஞ்சள் அட்டை, ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் ‘யங் மூலியா தெங்கு’. இது தப்பு. இப்போது இதைப் பாருங்கள். அதே மஞ்சள், அதே கோடு, ‘யங் மூலியா துங்கு’. இது சரி. இரண்டும் மலாய் அரச குடும்பத்தார் பெயருக்கு முன்னால் வருகிற பட்டம். இரண்டுக்கும் நடுவில் போனது என் 85 வெள்ளி, மலேசிய ரிங்கிட்தான்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை சித்தப்பா மகளுக்குக் கல்யாண விருந்து, கர்னி பக்கம் ஒரு ஹோட்டலில். மொய்ப்பண வீடியோ பார்த்தவர்களுக்கு அந்தச் சித்தப்பாவைத் தெரியும். நான்தான் அறிவிப்பாளர். சம்பளம் கிடையாது, சேலை எடுத்துத் தருவதாகப் பேச்சு, அதுவும் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அலோர் ஸ்டாரில் வேலை பார்த்தவர், அவருடைய பழைய முதலாளி கெடா மாநில அரச குடும்பத்துப் பெரியவர் ஒருவர். பெயரைச் சொல்ல மாட்டேன், பாவம், அவர் சாப்பிட வந்தவர். அவரோடு கௌரவப் பட்டம் வாங்கிய ஒரு டான்ஸ்ரீ, மூன்று டத்தோ. ராத்திரி பதினொரு மணிக்குச் சித்தப்பா போன் அடித்து, “ஏம்மா, வரிசை தப்பக்கூடாது, பட்டம் தப்பக்கூடாது, மேசையில பேர் அட்டை வைக்கணும்” என்கிறார். பதினொரு மணிக்கு!

அச்சுக்கடையில் 50 அட்டைக்குக் குறைந்தால் மிஷினையே தொட மாட்டார்களாம். எனக்கு வேண்டியது இரண்டு, மேசைக்கு ஒன்று, மேடையில் என் கைக்கு ஒன்று. சரி, போகட்டும், 45 வெள்ளி. வாட்சாப்பில் தெளிவாகத் ‘துங்கு’ என்றுதான் அனுப்பினேன், இதோ பாருங்கள், நீல டிக்கும் விழுந்திருக்கிறது. கடைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, அக்கா தெரியாமல் எழுதிவிட்டாள் என்று தானே திருத்தித் ‘தெங்கு’ ஆக்கிவிட்டான். கேட்டால், “எல்லாரும் அப்படித்தானே அக்கா எழுதுறாங்க” என்கிறான். மறுபடி 50 அட்டை. அரைமணி நேரம் வாதாடி 5 வெள்ளி குறைத்தேன், ஆக 40. கூட்டிப் பாருங்கள். 85 வெள்ளிக்கு எங்கள் வீட்டுக்கே நாசி கண்டார் வாங்கியிருப்பேன், சோறு, கோழி, சோத்தோங் கணவாய், வெண்டைக்காய், மேலே வெள்ளமாகக் குழம்பு ஊற்றும் குவா பஞ்சிர், எல்லாம் சேர்த்து.

ஆனால் அந்தத் தம்பியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, நம் பினாங்கில் நிறையப் பேருக்கு இது தெரியாது. நமக்குச் சுல்தான் கிடையாதே. இந்தத் தீவு கெடாவோடது, 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து கொடி ஏற்றியதோடு அந்தக் கணக்கு முடிந்தது, இப்போது நமக்கு ஆளுநர்தான். அரண்மனை இருக்கிற மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கெடா, ஜொகூர், நெகிரி செம்பிலான் என்றால் துங்கு. சிலாங்கூர், பகாங், திரங்கானு, கிளந்தான் என்றால் தெங்கு. பேராக்கில் ராஜா. பெர்லிஸில் சையது. யோசித்துப் பாருங்கள், நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், கெடா சுல்தானின் மகன். தெங்கு ரசாலி கிளந்தான்காரர். இத்தனை வருஷம் பேப்பரில் இரண்டையும் படித்திருக்கிறோம், ஏன் வேறு வேறு என்று ஒருநாளாவது கேட்டோமா? நான் கேட்டதில்லை. மலாயில் எழுதினால் வித்தியாசம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், தமிழில் ஒரே ஓர் எழுத்துதான்.

‘யங் மூலியா’, நம் ‘மாண்புமிகு’ மாதிரி, இன்னொரு தலைவலி. சுல்தானின் சொந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ‘யங் அமாட் மூலியா’, கொஞ்சம் தள்ளிய உறவுக்கு ‘அமாட்’ போய்விடும். சித்தப்பா, “போட்டுடும்மா, மரியாதைதானே” என்றார். சித்தப்பா, இது சர்க்கரை இல்லை, கூடப் போட்டால் இனிக்க!

சரி, இப்போது எனக்குப் பிடித்த பகுதி. நாக்கு பழகட்டும் என்று 2024 ஜூலை 20இல் நடந்த மாமன்னர் அரியணை விழா வீடியோவைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று கூடவே சொல்லிப் பார்த்தேன். மாமன்னர் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், 17ஆவது மாமன்னர், அந்த வருஷம் ஜனவரி 31இலேயே பதவிக்கு வந்துவிட்டார், விழாதான் ஜூலையில். “கெபாவா டுலி யங் மஹா மூலியா ஸ்ரீ பாதுகா பகிண்டா” என்று நான் ஆரம்பித்ததும் சமையலறையிலிருந்து அம்மா, “என்னடி, அர்ச்சனை பண்றியா?” என்கிறார். சிரித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அம்மா சொன்னது சரிதான்! டுலி வேறென்ன, தூளி. காலடித் தூசுக்கும் கீழே நின்று பேசுகிறேன் என்று அர்த்தம், நாம் பாத தூளி என்று சொல்வதில்லையா. பாதுகா? பாதுகை. பரதன் சிங்காசனத்தில் வைத்தானே, அதேதான். மாமன்னரின் துணைவியாருக்கு ராஜா பெர்மைசூரி அகோங் என்று பட்டம், பெர்மைசூரியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பரமேஸ்வரி! மக்கோத்தா மகுடம். அனுகெரா, அதாவது விருது, அனுக்கிரகம். எங்கள் தெருமுனை அம்மன் கோவிலில் ஐயர் சொல்கிற வார்த்தையெல்லாம் அரண்மனையில் இருக்கிறது. எல்லாமே நம் பக்கத்து வார்த்தை என்று கிளம்பிவிடாதீர்கள், சுல்தான் அரபுச் சொல், தெமெங்கோங் என்கிற பழைய அரண்மனைப் பதவி இந்தப் பக்கத்துச் சொல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லக்சமானா. மலாயில் அது கடற்படைத் தலைவர், மலாக்கா வீரர் ஹங் துவா இருந்தாரே, அந்தப் பதவி. ஆனால் ஆள் நம் லட்சுமணன், அண்ணனை விட்டு நகராதவர். ஜொகூரில் இதை இளவரசருக்குப் பட்டமாகவே கொடுத்திருக்கிறார்கள். இந்த மாமன்னரின் மகன், 2015இல் புற்றுநோயில் காலமான துங்கு அப்துல் ஜலீல்தான் துங்கு லக்சமானா. மூத்தவர் துங்கு இஸ்மாயில் துங்கு மக்கோத்தா, கால்பந்து ரசிகர்களுக்கு டி.எம்.ஜே. என்றால்தான் தெரியும். அவர் இந்திய ராணுவத்தின் 61ஆவது குதிரைப்படையில் இருந்தவர், 2007 குடியரசு நாள் அணிவகுப்பில் டில்லியில் அந்தப் படைக்கு முன்னால் குதிரையில் போனார், எங்கள் தாத்தா அதை டிவியில் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசினார். இன்னொரு தம்பி துங்கு இத்ரிஸ், துங்கு தெமெங்கோங். இதில்தான் ஒரு வேடிக்கை. ஒரு காலத்தில் ஜொகூரை ஆண்டவருக்கே தெமெங்கோங் என்றுதான் பெயர். அபு பாக்கார் அப்படித்தான் ஆட்சிக்கு வந்தார், 1868இல் மகாராஜா ஆனார், 1885இல் சுல்தான் ஆனார். பழைய பட்டத்தை வீணாக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி.

ஆங், மறந்துவிட்டேன், பெயருக்குப் பின்னால் வருகிற எழுத்துகள். டி.கே., டி.கே. என்று நான்கைந்து முறை வரும், நான் அச்சுப் பிழை என்றே நினைத்தேன். டார்ஜா கெராபாட், அரச உறவினருக்கான விருது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக உண்டு, சுல்தான்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். ஜொகூருடையது 1886இல் அந்த அபு பாக்கார் ஆரம்பித்தது. நம்மில் மொய் எழுதித் திருப்பிச் செய்கிற மாதிரிதான், எனக்கு நன்றாகவே புரிந்தது.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன், அந்தத் துங்கு கெடா என்றேன் இல்லையா, கெடா சுல்தான் அப்துல் ஹலீம் மட்டும்தான் இரண்டு தடவை மாமன்னராக இருந்தவர், 1970இல் ஒருமுறை, 2011இல் ஒருமுறை. மாநில அரசர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருவர் என்று சுற்றி வரும்போது இரண்டாவது முறை வந்து சேர எவ்வளவு ஆயுள் வேண்டும்!

சேலைக் கதையும் உண்டு. நான் கடுகு மஞ்சள் எடுத்து வைத்திருந்தேன், என் மஞ்சள் வெறி உங்களுக்குத் தெரியும். அம்மா, “அரச குடும்பம் வர்ற இடத்தில மஞ்சள் கட்டுவியா?” என்று பிடித்துக்கொண்டார். மஞ்சள் அரசர் நிறம், மற்றவர் கட்டக்கூடாது என்பதெல்லாம் அரண்மனை விழாவுக்கு அம்மா, இது கல்யாணம் என்றேன். கேட்கவில்லை. பச்சை கட்டினேன், பச்சை எனக்குப் பிடிக்காது, வீடியோவில் நான் கீரைக்கட்டு மாதிரி நிற்கிறேன்.

விருந்து நன்றாக நடந்தது, பாயாசத்தைத் தவிர, அதைப் பற்றிப் பேசவே மாட்டேன். மேசையில் அந்த 40 வெள்ளி அட்டைக்கு முன்னால் பூச்சாடியை வைத்துவிட்டார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. ஆனால் மேடையில் ‘யங் மூலியா துங்கு’ என்று நான் நிறுத்தி, சுத்தமாகச் சொன்னேன் பாருங்கள், அவர் சூப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு. ஒன்றே ஒன்று. கல்யாண வீடியோவில் அந்த இடத்தை நான்கு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு டத்தோவுக்குத்தான் வருத்தம், பக்கத்தில் இருந்த டத்தினைச் சொல்ல மறந்துவிட்டேன். புருஷன் டத்தோ ஆனால் மனைவி டத்தின், மனைவி டத்தோ ஆனால் புருஷனுக்கு ஒன்றும் கிடையாது, அதனால் அந்த அக்கா விடவில்லை, கை கழுவுகிற இடத்தில் வந்தே கேட்டுவிட்டார்.

இப்போது வீட்டில் 98 அட்டை மிச்சம். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. இன்று காலை மார்க்கெட் சீட்டு எழுத ஒன்றை எடுத்தேன், அம்மா பாய்ந்து வந்து பிடுங்கிவிட்டார். “துங்கு பேருக்குப் பின்னால வெங்காயம், கருவாடுன்னு எழுதாத, துலா பிடிக்கும்.” அரசரை அவமதித்தால் வருகிற சாபம், அம்மா பாதி விளையாட்டாகச் சொல்கிறார், பாதி இல்லை. பிறகு தானே கட்டைப் புரட்டித் ‘தெங்கு’ அட்டையாகப் பார்த்து ஒன்றை எடுத்து நீட்டுகிறார். “இதுல எழுதிக்கோ. இந்தப் பேர்ல ஆளே இல்ல.”

இதோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, கருவாடு, கறிவேப்பிலை. போய் வாங்கிவிட்டு வருகிறேன், பார்க்கிங் நேரம் முடியப்போகிறது.