தேடினால் முதலில் வருவது

வணக்கம் நேயர்களே. இன்று நெட்டில் ஏமாறாமல் தேடுவது எப்படி என்று பேசப்போகிறேன், அதற்கு முன்னால் நெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டில் வைஃபை இருக்கிறது, ஆனால் நெட் வரவில்லை என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், அவர் சொல்வது சரிதான். வைஃபை என்பது உங்கள் போனுக்கும் மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் கம்பியில்லாத் தொடர்பு, அவ்வளவுதான். தெருவில் பள்ளம் தோண்டும்போது ரவுட்டருக்கு நெட் கொண்டுவரும் ஃபைபர் கேபிள் அறுந்துபோயிருந்தால் வைஃபை குறி முழுசாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. மொபைல் டேட்டாவைப் போட்டுப் பாருங்கள், அதில் வந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது எல்லாம் டெலிபோன் கம்பி வழியாகத்தான், மோடம் என்கிற பெட்டி கத்தி முடித்தால்தான் இணைப்பு, நெட்டில் இருக்கும்வரை வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது. இப்போது 100 எம்பிபிஎஸ் என்று விற்கிறார்கள். அது மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். ஏமாற்று இல்லை, ஆனால் யாரும் விளக்கிச் சொல்வதும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குரோம் என்பது பிரவுசர், பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி. கூகுள் என்பது தேடுபொறி. இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் பலருக்கும் ஒன்றாகவே தெரிகிறது, போதாததற்கு மேலே இருக்கும் அந்த ஒரே பட்டையில் முகவரியையும் அடிக்கலாம், தேட வேண்டிய சொல்லையும் அடிக்கலாம். முகவரியைப் பிழையில்லாமல் அடித்தால் நேராக அந்தத் தளத்துக்குப் போவீர்கள். வங்கி பெயரோடு கஸ்டமர் கேர் நம்பர் என்று அடித்தால், தேடுபொறி எதையெல்லாம் கண்டதோ அதைக் கொண்டுவந்து போடும், மேலே காசு கொடுத்த விளம்பரம்கூட இருக்கும். மோசடிக்காரர்கள் காத்திருப்பது இங்கேதான். போலி நம்பரைப் போட்டுவைப்பார்கள், நாமே கூப்பிடுவோம், அந்தப் பக்கத்து ஆள் மரியாதையாகப் பேசி ஓடிபியைக் கேட்பார். கஸ்டமர் கேர் நம்பரைத் தேடாதீர்கள், ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள், அங்கேயே இருக்கும். பாஸ்போர்ட்டுக்கும் போலித் தளங்கள் உண்டு. முகவரி டாட் ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பணம் போய்விட்டதா, யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே போன் போடுங்கள், தாமதமாகத் தாமதமாகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

அப்புறம், தேடுவதற்கு ஒன்றிரண்டு வழி. சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடித்தால் அந்த வரிசையிலேயே இருக்கும் பக்கங்களாகப் பார்த்துக் கொடுக்கும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போதும். ஒரே தளத்துக்குள் தேட, ஆங்கிலத்தில் சைட், அதாவது எஸ்-ஐ-டி-இ என்று அடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி இருக்கும் கோலன் குறியை வைத்து, ஒட்டினாற்போல் தள முகவரியைப் போடுங்கள். நெற்பயிரில் குலை நோய் வந்திருக்கிறது என்றால் குலை நோய் என்று தமிழிலேயே அடித்து, பக்கத்தில் இந்த முறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முகவரியைச் சேர்த்துப் பாருங்கள், மருந்துக்கடைக்காரர்களின் பக்கங்கள் ஒதுங்கிவிடும், பல்கலைக்கழகம் தமிழில் எழுதிவைத்திருப்பது வரும்.