12-க்கு 12! கேழ்வரகு சைஸ்ல குருத்தெலும்பு

வணக்கம் மக்களே, வாங்க. 12 டியூப், 12 உருண்டை, ஒண்ணு கூட சுவத்துல ஒட்டலை! போன வீடியோவுல 5 ஒட்டிக்கிச்சுன்னு அரைமணி நேரம் புலம்பினதைப் பொறுமையா கேட்டவங்க எல்லாரும் இப்ப ஒரு கைதட்டு தட்டிடுங்க.

புதுசா வந்தவங்களுக்கு ஒரே வரி: எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லைக் குருத்தெலும்பா மாத்தி, மூட்டுத் தேய்மானத்துல ஜீனோட பங்கு என்னன்னு பாக்குற பிஎச்டி வேலை இது. திரையில பாருங்க, பளபளன்னு வெள்ளையா, கேழ்வரகு மணி அளவு. அந்த உருண்டைக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

ஒட்டுறதுக்கு முதல் குற்றவாளி டியூப்புங்க. 15 மில்லி டியூப் எல்லாம் ஒண்ணுன்னு பாலிஸ்டைரீனைத் தூக்கிடாதீங்க, பாலிபுரொப்பிலீன்தான் வேணும். அடுத்து சென்ட்ரிஃபியூஜ், டியூப்பை வேகமா சுத்தி செல்லை அடியில இறக்குற மெஷின். சாய்ஞ்சு நிக்கிற ரோட்டர்ல சுத்தினா செல்லு பக்கச் சுவத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அப்பிக்கும். ஊஞ்சலாடுற பக்கெட் ரோட்டர்னா நேரா அடியில உக்காரும். டியூப்புக்கு 2.5 லட்சம் செல், அரை மில்லி மீடியம் (செல்லுக்கான சத்துத் திரவம்), 500 ஜி விசை, 5 நிமிஷம். மூடியை அரைச் சுத்து தளர்த்தி வைங்க. இறுக்கிட்டா கார்பன் டை ஆக்சைடு உள்ள போகாது, மீடியம் ரோஸாகிடும். 24 மணி நேரம் தொடவே கூடாது. மறுநாள் டியூப் அடியில விரலால ஒரு சுண்டு, லேசா. தட்டையா கிடந்தது எழும்பி மிதக்கணும்.

ஐயோ, இதுக்கு முந்தினதைச் சொல்லாம விட்டுட்டேன். செல்லை வளக்கும்போது நாலாவது பாசேஜை, அதாவது தட்டு நிறைஞ்சதும் பிரிச்சு புதுத் தட்டுல போடுறதை, தாண்டாதீங்க. தாண்டத் தாண்ட குருத்தெலும்பா மாறுற திறமை குறைஞ்சுடும். வளக்குற மீடியத்துல எஃப்ஜிஎஃப்2-ங்கிற வளர்ச்சிப் புரதம் போட்டா அந்தத் திறமை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இப்ப டிஜிஎஃப் பீட்டா 3, ஸ்டெம் செல்லைக் குருத்தெலும்பா மாறச் சொல்ற புரதம். இந்தச் சின்ன குப்பி விலையைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது! 10 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாது. கணக்கு போடுவோம். மில்லிக்கு 10 நானோகிராம், உருண்டைக்கு அரை மில்லி, ஆக 5 நானோகிராம். திங்கள், புதன், வெள்ளி மாத்தினா 21 நாளுக்கு 9 தடவை, 45 நானோகிராம். ஒரு குப்பிக்கு 222 உருண்டை. காகிதத்துலதான் 222! அப்படியே உறைய வெச்சு, உருக்கி, திரும்ப உறைய வெச்சீங்கன்னா வீரியம் குறைஞ்சுடும், 21-ஆம் நாள் கையில இருக்கிறது பஞ்சு. 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல, மில்லிக்கு 1 மில்லிகிராம் ஆல்புமின் புரதம் கலந்து, 1 மில்லியா கரைங்க. அமிலம் இல்லாட்டி சரியா கரையாது, ஆல்புமின் இல்லாட்டி பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். 20 மைக்ரோலிட்டரா 50 குட்டிக் குப்பியில பிரிச்சு மைனஸ் 80-ல போடுங்க. ஒரு குட்டிக் குப்பி 20 மில்லி மீடியத்துக்குச் சரியா இருக்கும். மிச்சம் இருந்தா கொட்டிடுங்க, மனசு கேக்காட்டியும்.

இவ்வளவு பிடிவாதம் எதுக்குன்னா, மூட்டும் குருத்தெலும்பும் உருவாக உதவுற ஜிடிஎஃப்5 ஜீன்ல ஆர்எஸ்143383-ன்னு ஒரு டிஎன்ஏ எழுத்து. சிலருக்கு சி, சிலருக்கு டி. டி எழுத்துக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு இருக்குன்னு 2007-ல ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினாங்க. டி இருக்கிற நகல்ல இருந்து ஜீன் கொஞ்சம் கம்மியா வேலை செய்யுது. 'கொஞ்சம்'தான். ஒரு உருண்டை பெருசு ஒண்ணு சிறுசுன்னா அந்தக் கொஞ்சம் எங்க போச்சுன்னே தெரியாது.

அதனால சியும் டியும் ரெண்டும் இருக்கிற டோனரா, அதாவது மஜ்ஜை குடுக்கிறவரா பிடிக்கணும். ஒரே செல், ஒரே மீடியம், ஒரே டியூப். ஆர்என்ஏவுல சி எவ்வளவு, டி எவ்வளவுன்னு அளந்து, பாதிக்குப் பாதி இருக்கிற டிஎன்ஏவோட ஒப்பிடணும். அந்த எழுத்து ஆர்என்ஏவுக்குள்ளயே வர்ற இடத்துல இருக்கிறதாலதான் இது முடியுது. ஜீனை வெட்டி எழுத்தை மாத்துற கிரிஸ்பர் ஏன் பண்ணலைன்னு வாராவாரம் கேக்குறீங்க. மஜ்ஜை செல்லை வெட்டி, ஒரே செல்லுல இருந்து வளத்து எடுக்கிறதுக்குள்ள அதுக்கு வயசாகிடும். அது ஐபிஎஸ் செல்லுக்கு, அதாவது சாதாரண செல்லைத் திரும்ப ஸ்டெம் செல்லா மாத்தி எடுத்ததுக்கு, வெச்சுக்கலாம்.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்துல இருந்து ஒருத்தர், நம்ம பக்கம் மூட்டு விறைப்பு இவ்வளவு இருக்கே, ஜீனான்னு கேட்டிருந்தாங்க. முதல்ல தண்ணியைப் பாருங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் ஃபுளோரைடுக்கு உச்ச வரம்பு. அதுக்கு ரொம்ப மேல போன போர் தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சா எலும்போட சேர்ந்து மூட்டைக் கட்டுற நாரும் இறுகிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-ல. அதுக்கு முந்தி எந்த ஊர்த் தண்ணி குடிச்சாங்கன்னு எழுதி வைக்காம தர்மபுரில டோனர் எடுத்தா, ஃபுளோரைடு பண்ணினதுக்குப் பழி ஜீன் மேல விழும்.

ஆர்என்ஏ எடுக்கிறது அடுத்த வீடியோ. 21 நாள் உருண்டை ரப்பர் மாதிரி, இடிச்சு நசுக்குறதுக்கே தனிக் கச்சேரி வேணும்.

அட, முக்கியமானது! மீடியம் மாத்தும்போது வாக்குவம்ல உறிஞ்சாதீங்க, உருண்டையும் சேர்ந்து போயிடும். பைப்பெட்டால, மேல இருந்து மெதுவா. மாத்தி முடிச்சதும் ஒவ்வொரு டியூப்பையும் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து எண்ணுங்க. பத்து, பதினொண்ணு... பன்னெண்டு. இருக்கு!