வேலை மாறியவர் மீதான வழக்கில் பிந்தி வரும் திருத்தம்

நேயர்களுக்கு வணக்கம். நியமனக் கடிதத்தில் கையொப்பமிடும்போது பெரும்பாலானோர் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள். வேலையை விட்டபின் இத்தனை மாதங்களுக்கு இதே தொழில் செய்யும் வேறு நிறுவனத்தில் சேரக்கூடாது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம் இருப்பது, மாவட்ட நீதிமன்றத்தின் அழைப்பாணை வீட்டுக்கு வந்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது. அப்படித் தொடங்கிய வழக்கில், நிறுவனம் தனது முறைப்பாட்டை, அதாவது வழக்குக் கோரிக்கையை எழுதிய ஆவணத்தை, பிந்தி வந்து திருத்தக் கேட்டால் என்ன ஆகும் என்பதே இன்றைய விடயம்.

இத்தகைய நிபந்தனை எழுதப்பட்டிருப்பதாலேயே செல்லுபடியாகிவிடாது. தொழிலைத் தடுக்கும் உடன்படிக்கை நியாயமானதாக இருந்தால் மாத்திரமே நிலைக்கும் என்று 1894 இல் நோர்டன்பெல்ட் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கூறியது. 1916 இல் சாக்ஸல்பி வழக்கில் அதே சபை, தொழில்தருநர் தமது வர்த்தக இரகசியங்களையும் வாடிக்கையாளர் தொடர்பையும் பாதுகாக்கலாமேயன்றி, போட்டியை மட்டும் காரணமாக வைத்து ஊழியரைத் தடுக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது.

யாழ் நகரிலுள்ள ஒரு லீசிங் நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் அலுவலராக இருந்த இளைஞர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வட மாகாணம் முழுவதிலும் 12 மாதங்களுக்கு வேறு லீசிங் நிறுவனத்தில் வேலை செய்யக்கூடாது என்பது நிபந்தனை. அவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்ததும் பழைய நிறுவனம் வழக்கிட்டு, அந்த நிபந்தனையை மட்டும் ஆதாரமாகக் காட்டி இடைக்காலத் தடையுத்தரவும் பெறுகிறது. தவணைகள் போகப் போக 12 மாதமும் கழிந்துவிடுகிறது. தடுப்பதற்கு இனி எதுவுமில்லை. அப்போது நிறுவனம் முறைப்பாட்டைத் திருத்த அனுமதி கேட்கிறது: அவர் வாடிக்கையாளர் பட்டியலைக் கைபேசியில் பிரதி எடுத்துச் சென்றார், ஆகவே நட்டஈடு வேண்டும், புதிய நிறுவனத்தையும் எதிராளியாகச் சேர்க்கவேண்டும் என்கிறது.

இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 93 ஆம் பிரிவு இங்கு முக்கியமானது. 2017 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின், விளக்கத்துக்கு (வழக்கு விசாரணைக்கு) முந்திய அமர்வுக்கு முதலில் குறிக்கப்பட்ட நாளுக்கு முன்னர் கேட்கப்படும் திருத்தம் நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு உட்பட்டது. அந்த நாளிலோ அதன் பின்னரோ கேட்பதானால், அனுமதி மறுக்கப்பட்டால் பாரதூரமானதும் ஈடுசெய்ய முடியாததுமான அநீதி நேரும் என்பதோடு, கேட்பவர்மீது தாமதக் குற்றம் (தன் தவறால் பிந்தியமை) இல்லை என்பதையும் நீதிமன்றம் திருப்தியுடன் ஏற்று, காரணங்களைப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டில் ஒன்று போதாது. மேலும், ஒரு தன்மையான வழக்கை அதற்கு முரணான வேறு தன்மையான வழக்காக மாற்றும் திருத்தத்துக்கு 46 ஆம் பிரிவு இடமளிக்காது.

பட்டியல் பிரதி எடுக்கப்பட்டதை நிறுவனம் எப்போது அறிந்தது? தனது கணினிப் பதிவில் ஆரம்பத்திலிருந்தே இருந்த தகவலைப் பார்க்காமல் விட்டுவிட்டு, நிபந்தனையின் காலம் முடிந்தபின் தேடியெடுத்ததானால், தாமதக் குற்றம் இல்லையென்று சொல்வது கடினம். மாறாக, எதிராளி சமர்ப்பித்த ஆவணத்தின் மூலமே அது வெளிப்பட்டிருந்தால், தாமதத்துக்கு அந்த நிறுவனத்தைக் குறைகூற முடியாது. சத்தியக்கடதாசியில் இதை நாளும் ஆவணமுமாகச் சொல்லவேண்டும். 'அண்மையில் அறியவந்தது' என்ற ஒற்றை வரியை நீதிமன்றம் போதுமானதாகக் கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழக்குகளில் தாமதத்தைப் பிற வழக்குகளைவிடக் கடுமையாகப் பார்க்கவேண்டும் என்றும் நான் கருதுகிறேன். காணி வழக்கில் ஆறு மாதம் பிந்தினாலும் காணி அங்கேயே இருக்கும். இங்கோ அந்த ஆறு மாதமும் இளைஞரின் சம்பளம். இடைக்கால உத்தரவினால் அவர் ஏற்கெனவே இழந்துவிட்ட சம்பளம். செலவுத்தொகை கட்டச் சொல்வதால் அது திரும்பி வராது.

திருத்தம் மறுக்கப்பட்டாலும் அதே விடயம் எழுவினாவாக, அதாவது வழக்கில் நீதிமன்றம் தீர்மானிக்கவேண்டிய கேள்வியாக, தலைகாட்டக்கூடும். 149 ஆம் பிரிவின்படி, தீர்ப்பாணைக்கு முன் எந்நேரத்திலும் எழுவினாக்களைத் திருத்தவோ புதிதாகச் சேர்க்கவோ நீதிமன்றத்தால் முடியும். எனவே எதிராளியின் சட்டத்தரணி விளக்கத்தின் முதல் நாளிலேயே ஒவ்வோர் எழுவினாவையும் கவனித்து, உரிய ஆட்சேபத்தைப் பதிவுசெய்ய வேண்டும்.

திருத்தம் அனுமதிக்கப்பட்டால், எதிராளி அதற்கேற்பத் திருத்திய விடை (எழுத்துமூலப் பதில்) அளிக்க அவகாசம் கேட்கவேண்டும். தடையுத்தரவு இன்னும் நடைமுறையில் இருந்தால் அதை மீளாய்வு செய்யும்படியும் கேட்கவேண்டும். அந்த உத்தரவு பழைய முறைப்பாட்டை வாசித்து வழங்கப்பட்டது; புதிய முறைப்பாட்டுக்கு அதே உத்தரவு பொருந்துமா என்பதை நிறுவனமே மீண்டும் காட்டவேண்டும்.