நாக்பூர் வழியா போன பொட்டி

சத்தம் கேக்குதா? ஒரு நிமிஷம் இருங்க, அது போகட்டும். ம்... எறங்கிடுச்சு.

நான் இப்ப புதுச்சேரி லாஸ்பேட்டையில, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல, ஃப்ரெண்ட் வீட்டு மொட்டை மாடியில நிக்கிறேன். அக்கா வடகம் காயப்போட்டிருக்காங்க, அதனால இந்த ஓரமாவே நின்னுக்கறேன். ஏர்போர்ட் பக்கம் கேமராவத் திருப்ப மாட்டேன், நமக்கு எதுக்கு வம்பு. இப்ப எறங்குனது ஏடிஆர், ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துமே, அது. 2024 டிசம்பர்ல இருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இதுதான் ஓடுது. நம்ம ரன்வே ஒன்றரை கிலோமீட்டர்தான். அதுக்கு இந்த சைஸ்தான் சரிப்படும். ஆள எறக்கி, ஆள ஏத்தி, திரும்பக் கிளம்ப அரை மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள ஒரு கதைய முடிச்சிடுறேன்.

டெக்கான் 360. இந்தப் பேரு யாருக்காவது ஞாபகம் இருக்கா? கேப்டன் கோபிநாத்த எல்லாருக்கும் தெரியும். ராணுவத்துல இருந்தாரு, ஹாசன் பக்கம் பட்டுப்பூச்சி வளர்த்தாரு, ஹெலிகாப்டர வாடகைக்கு விட்டாரு, 2003ல ஏர் டெக்கான் ஆரம்பிச்சாரு. அவர் வாழ்க்கைய வெச்சு தமிழ்ல படமே வந்துச்சு, தியேட்டர் பக்கம் போகாம ஓடிடியில வந்தும் எல்லாரும் பாத்தோம். படத்துல வராத பாகம் ஒண்ணு இருக்கு. ஏர் டெக்கான் மல்லையா கைக்குப் போனப்புறம் மனுஷன் சும்மா உக்காரல. 2009ல சரக்கு விமானக் கம்பெனி ஆரம்பிச்சாரு. அதுதான் இது. ஏர்பஸ் ஏ310, கூடவே இப்ப எறங்குச்சே அதே ஏடிஆர். ஆனா உள்ள சீட்டு கிடையாது, பொட்டிங்க மட்டும்தான்.

நடுமையம் நாக்பூர். ஏன்னா மேப்ப விரிச்சு நாட்டுக்கு நடுவுல வெரல வெச்சீங்கன்னா நாக்பூர் பக்கம்தான் வந்து நிக்கும். வெள்ளக்காரன் நட்ட ஜீரோ மைல் கல்லே அங்கதான இருக்கு. ராத்திரி நாலா பக்கத்துலேர்ந்தும் ப்ளேனுங்க நாக்பூர் வந்து சேரணும், பொட்டிங்கள எறக்கி ஊர் வாரியா பிரிச்சு மாத்தி ஏத்தணும், விடியறதுக்குள்ள எல்லாம் திரும்பிப் போயிடணும். அமெரிக்காவுல ஃபெடெக்ஸ்ங்கிற கூரியர் கம்பெனி மெம்ஃபிஸ் ஊர்ல செஞ்சது இதேதான். அவங்க 1973 ஏப்ரல்ல ஆரம்பிச்ச மொத நாள் ராத்திரி 14 ப்ளேன் பறந்துச்சு. மொத்தப் பொட்டி எவ்வளவு தெரியுமா? 186. ப்ளேனுக்குப் பதிமூணு! பைலட் மடியிலயே வெச்சு எடுத்துட்டுப் போயிருக்கலாம். அப்புறம் ரெண்டு வருஷத்துக்கும் மேல நஷ்டத்துலயேதான் ஓட்டுனாங்க. இந்த 186ங்கிற நம்பர மறந்துடாதீங்க.

அந்த சமயத்துல, 2010ல, நான் மிஷன் வீதி பக்கம் ஒரு கூரியர் ஆபீஸ்ல பில் போட்டுட்டிருந்தேன். நம்ம ஊர்ல கைக்காகிதம் ரொம்ப நாளா செய்றாங்க, அரவிந்தர் ஆசிரமத்துத் தொழிற்சாலையே 1959லேர்ந்து இருக்கு. அந்தக் காகிதத்துல விளக்குக் கூடு செஞ்சு வெளியூருக்கு அனுப்புற ஒரு அம்மா அடிக்கடி வருவாங்க. பொட்டி நீளம், அகலம், உயரம் எல்லாம் 60 சென்டிமீட்டர். தராசுல வெச்சா மூணு கிலோ. நான் டேப்ப எடுத்து அளந்து, மூணையும் பெருக்கி, 6000ஆல வகுத்து, 36 கிலோன்னு எழுதுவேன்.

"ஏன் தம்பி, மூணு கிலோவ முப்பத்தாறுன்னு எழுதுறியே, உள்ள இருக்கிற காத்துக்கெல்லாமா காசு?"

"ஆமாம்மா, காத்துக்குத்தான்"னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் அவங்க என் கவுன்ட்டர் பக்கமே வரல. ஆனா சொன்னது நெஜந்தாங்க. விமானத்துல கிலோவ மட்டும் விக்கிறதில்ல, எடத்தையும் விக்கிறாங்க.

இப்ப கோபிநாத் கணக்குக்கு வருவோம். ஏ310 சரக்கு விமானம் கிட்டத்தட்ட 40 டன் தூக்கும். அத தினம் ராத்திரி நெரப்பணும். போட்டிக்கு யாரு? இன்னொரு சரக்கு விமானம்னு நெனப்பீங்க, இல்ல. நாம ஏறிப் போறோமே பயணிகள் விமானம், அதோட வயிறுதான் போட்டி. நம்ம டிக்கெட் காசுலயே அந்த ப்ளேன் பறந்துடும். கீழ ஏத்துற பொட்டிக்கு வர்ற காசு மேல் வரும்படி, அதனால ரேட்ட எவ்வளவு வேணும்னாலும் கொறைக்கலாம். சரக்கு விமானத்துல அப்படி முடியாது. பைலட் சம்பளம், பார்க்கிங், எண்ணெய், எல்லாத்தையும் அந்தப் பொட்டிங்கதான் கட்டணும். 2011ல கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல போயிடுச்சு. ஏ310ன்னா பழைய வண்டி வேற, குடிக்கிற குடி கொஞ்சநஞ்சமில்ல.

அடுத்தது ரிட்டர்ன் லோடு. சபரிமலைக்குப் போன ஆளு திரும்பி வருவாரு. கடலூர் முதுநகர்லேர்ந்து ஐஸ் பொட்டியில போன வஞ்சிரம் திரும்பி வருமா? பண்ருட்டி பலாப்பழ லோடு ஏத்திட்டுப் போன லாரிக்காரர் அங்க ரிட்டர்ன் கெடைக்கலன்னா என்ன செய்வாரு? வண்டிக்கு அடியில தூளி கட்டிட்டு ரெண்டு நாள் தூங்குவாரு. சோத்துச் செலவோட போச்சு. ப்ளேன அப்படித் தூங்க வைக்க முடியாது. நின்னாலும் காசு, பறந்தாலும் காசு.

2010ல ரிலையன்ஸ் உள்ள வந்து பங்கு வாங்குனப்ப எங்க ஆபீஸ்ல எல்லாரும் "இனிமே இவங்கதான் ராஜா"ன்னு பேசிக்கிட்டோம். அடுத்த வருஷமே பறக்கறது நின்னுடுச்சு. பாக்கி வர வேண்டியவங்க கர்நாடகா ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2013ல கம்பெனியக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு.

ஆனா பாருங்க, சரக்கு விமானமே இந்தியாவுல ஓடாதுன்னு சொல்லிட முடியாது. ப்ளூ டார்ட் 1996லேர்ந்து சொந்த விமானம் ஓட்டுது, அவங்க விமானக் கம்பெனிக்குத் தலைமையிடமே நம்ம சென்னைதான். வித்தியாசம் எங்கன்னா, அவங்க 1983ல கூரியரா ஆரம்பிச்சு, தெருத்தெருவா பை தூக்கி, பொட்டி குமிஞ்சதுக்கப்புறம் ப்ளேன் வாங்குனாங்க. இவரு ப்ளேன நிறுத்தி வெச்சுட்டு பொட்டியத் தேடுனாரு. தேடிக்கிட்டே காத்திருக்க காசு வேணும். அந்த 186 பொட்டிக்காரனுக்கு அது கெடைச்சுது, இவருக்குக் கெடைக்கல. என் கணக்கு இவ்வளவுதான். கோபிநாத்துக்கு அறிவு பத்தலன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப் போகாது.

அந்த விளக்கு அம்மா என்ன ஆனாங்கன்னு கேக்குறீங்களா? ஒரு மாசம் கழிச்சு வந்தாங்க. கூட்ட மடிச்சு அடுக்குற மாதிரி செஞ்சிருந்தாங்க! பத்து கூடு ஒரே தட்டைப் பொட்டியில. நான் டேப்ப எடுக்கறதுக்குள்ள அவங்களே டேப்ப எடுத்து நீட்டுனாங்க.

இருங்க, எஞ்சின் சத்தம். கெளம்பிடுச்சு போல. ஏடிஆர்ல ஏறுனவங்களுக்குத் தெரியும், நாம பின்பக்கக் கதவுலதான் ஏறுவோம். முன்னாடி, பைலட்டுக்குப் பின்னால, பொட்டிங்க இருக்கும். மொதல்ல ஊர் போய்ச் சேர்றது அதுங்கதான். தோ போகுது பாருங்க, பனைமரத்துக்கு மேல... ஐயய்யோ, கால வடகத்துல வெச்சிட்டேன். அக்கா படி ஏறி வர்றாங்க. ஆஃப் பண்றேன், ஆஃப் பண்றேன்.