டாஷ் டாஷ் ஹெல்ப்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். "உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியும் பேசலாம்" என்று சொல்லி அழைத்தார்கள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குப் பிடித்த விஷயம் கமாண்ட் லைன் கையேடு. இந்நேரம் பாதிப் பேர் அடுப்படிக்குப் போயிருப்பீர்கள். பரவாயில்லை, ரேடியோதானே, அங்கேயும் கேட்கும்.

வீட்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பிள்ளை இருந்தால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னவோ தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒவ்வொரு வரியும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற கட்டளை. அங்கே அமுக்குவதற்குப் பட்டன் கிடையாது. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வேண்டும் என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. அப்படி எழுதி வைத்ததை ஒழுங்கு பண்ணுவதுதான் என் பிழைப்பு.

நான் அதிகம் புழங்கியது கெரிட் என்கிற கோட் ரிவியூ சர்வரோடு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து, சரி என்று சொன்ன பிறகே சேர்ப்பதற்கான ஏற்பாடு அது. படித்தவர் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை போடலாம். மைனஸ் 2 விழுந்தால், அது நீங்குகிற வரை அந்த நிரல் உள்ளே போகாது. பெயர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். பைத்தான் மொழியைத் தந்த கைடோ வான் ரோசம், ரீட்வெல்ட் என்று ஒரு ரிவியூ கருவி எழுதினார். ஆண்ட்ராய்டு திட்டத்துக்காக அதிலிருந்து கிளைத்துப் போனது கெரிட். பிறகு அதை ஜாவா என்ற நிரல் மொழியில் புதிதாகவே எழுதினார்கள். கெரிட் ரீட்வெல்ட் என்பவர் சிவப்பும் நீலமுமாக ஒரு நாற்காலி செய்து பெயர் வாங்கிய நெதர்லாந்துக்காரர். ஒரே மனிதரின் பெயரைப் பிய்த்து இரண்டு மென்பொருளுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள்.

இந்தச் சர்வரை பிரவுசரிலும் பார்க்கலாம், எஸ்எஸ்ஹெச் என்கிற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கட்டளை கொடுத்தும் வேலை வாங்கலாம். அதற்குச் சர்வரில் நுழைகிற வாசலின் எண், அதாவது போர்ட் எண், 29418. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் என்ற கருவியின் சொந்த எண் 9418, அதற்கு முன்னால் ஒரு 2. இப்படிச் சொன்னால் மறக்காது பாருங்கள்.

கெரிட்டின் ஆவணத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம் உண்டு. கட்டளையின் பெயர், அதைத் தட்டுகிற அமைப்பு, விளக்கம், யாருக்கு அனுமதி, ஸ்கிரிப்டுக்குள், அதாவது தானாக ஓடும்படி எழுதி வைக்கிற கட்டளைத் தொகுப்புக்குள், வைத்து ஓட்டலாமா, கூடச் சேர்க்கக்கூடிய ஆப்ஷன்கள், எடுத்துக்காட்டு. ஏறக்குறைய இவைதான் தலைப்புகள். இந்த வரிசைக்கு வயது அதிகம். யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்துக்கு எழுதிய, 1971 நவம்பர் 3 தேதியிட்ட கையேட்டின் முதல் பதிப்பிலேயே பெயர், அமைப்பு, விளக்கம் என்று பக்கங்கள் ஒரே அச்சாக இருக்கும். அதில் 'குறைகள்' என்றும் ஒரு தலைப்பு உண்டு. தான் செய்த பொருளின் குறையைத் தானே தலைப்புப் போட்டு எழுதுகிற துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரி, அது வேறு பேச்சு.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பத்தாவிடம் சாமான் அறைக்கு ஒரு நோட்டு இருந்தது. முதலில் சாமானின் பெயர், அடுத்து பித்தளையா வெண்கலமா மங்குச் சாமானா, பிறகு எத்தனை, அதில் வெட்டியிருக்கிற விலாசம், கடைசியில் எந்த அலமாரி. ஒரு வரியில்கூட இந்த வரிசை மாறாது. கல்யாணத்துக்கு முதல் நாள், விளக்கு வெளிச்சத்தில், யார் போய்த் திறந்தாலும் அண்டா கிடைத்துவிடும். கையேடும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு சர்வர் படுத்துக் கிடக்கும்போது யாரும் விளக்கத்தை ரசித்துப் படிப்பதில்லை. 'யாருக்கு அனுமதி' என்ற வரி ஒரு பக்கத்தில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருந்தால், இல்லை என்றே நினைத்துவிடுவார்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இந்தச் சர்வருக்கென்று உள்கையேடு ஒன்று வைத்திருந்தார்கள். பலர் பல காலத்தில் எழுதியது. ஒரு பக்கத்தில் போர்ட் எண்ணை எண்ணாகவே போட்டிருக்கும், இன்னொன்றில் 'போர்ட்' என்று சொல்லாக இருக்கும், மூன்றாவதில் எப்போதோ எடுத்துப் போட்ட பழைய சர்வரின் பெயர். ஒரு பக்கத்தில் கோண அடைப்பு, அடுத்ததில் அது இல்லை. இந்த அடைப்புகளுக்கு வழக்கமான பொருள் உண்டு. சதுர அடைப்புக்குள் இருந்தால் விட்டுவிடலாம், கோண அடைப்புக்குள் இருந்தால் அதை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட வேண்டும், நடுவில் நெட்டுக்கோடு இருந்தால் இதுவோ அதுவோ. எழுதுகிறவருக்கு இது தெரியும். வாசிக்கிற புதுப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி கோண அடைப்பையும் சேர்த்தே தட்டினான். கம்ப்யூட்டர் அந்த அடைப்பை, 'இந்த ஃபைலைத் திறந்து படி' என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. "அக்கா, நான் ஃபைல் எதுவும் கேட்கவே இல்லையே" என்று வந்து நின்றான். அவன் மேல் என்ன தப்பு? அடைப்புகளின் பொருளைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி ஆக்கினோம்.

இனி என் முக்கியமான புலம்பல். அதே கையேட்டை ஒரு வேர்ட் பிராசசரில் எழுதியிருந்தார்கள். ஆப்ஷன்களுக்கு முன்னால் இரண்டு சின்னக் கோடு போட வேண்டும், டாஷ் டாஷ் என்போம். நல்லது செய்வதாக நினைத்து அந்த மென்பொருள் இரண்டு கோட்டையும் சேர்த்து ஒரு நீளக் கோடாக்கிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். காப்பி செய்து ஒட்டினால் ஓடாது. சர்வருக்கு நீளக் கோடு என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு பெண் அரை நாள் இதோடு மல்லுக்கட்டினாள். கையால் தட்டினால் ஓடுகிறது, காப்பி செய்தால் ஓடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு பேர் பார்த்தோம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கடைசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மேற்கோள் குறியும் இப்படித்தான், நேராக இருந்ததை வளைத்துவிடும். ஆவணம் எழுதவே உள்ள அஸ்கிடாக் போன்ற முறையிலும், சில இடங்களில் இரண்டு கோடு நீளக் கோடாகும். அதைத் தடுக்க முன்னால் பேக்ஸ்லாஷ் என்கிற சாய்கோடு ஒன்று போட்டு வைப்பார்கள். கட்டளையைக் கட்டளைக்கு உரிய அச்சில், உள்ளே எதையும் மாற்றாத பகுதியில் போடுங்கள். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன்: உள்ளே எதையும் மாற்றாத பகுதியில் போடுங்கள்.

மேற்கோள் குறி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரிவியூ கட்டளையில் ஒரு செய்தியும் சேர்த்து அனுப்பலாம். 'பில்ட் சக்சஸ்' என்று இரண்டு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே செய்தி என்று காட்ட மேற்கோள் குறி போடுவீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் அதைப் படித்ததும் குறியை உரித்துவிட்டு வெறும் சொற்களைத்தான் அனுப்பும். அந்தப் பக்கம் சர்வர் மறுபடி முதலிலிருந்து படிக்கும். 'பில்ட்' மட்டும்தான் செய்தி என்று எடுத்துக்கொண்டு, 'சக்சஸ்' என்பதை ரிவியூவுக்கு வந்த ஏதோ ஒரு நிரல் மாற்றத்தின் அடையாளம் என்று நினைத்து, அப்படி எதுவும் இல்லையே என்று திட்டும். அதனால் குறிக்கு மேல் குறி, இரண்டு அடுக்குப் போட வேண்டும்: வெளியே ஒற்றைக் குறி, உள்ளே இரட்டைக் குறி. இதை எத்தனை பத்தி எழுதி விளக்கினாலும் ஏறாது. ஓடுகிற ஓர் எடுத்துக்காட்டைப் போட்டால் போதும், பார்த்ததுமே புரிந்துவிடும். கெரிட்டின் ஆவணத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

சரி, பக்கத்தில் எழுதியது உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது? சர்வரிடமே கேட்க வேண்டியதுதான். எந்தக் கட்டளைக்குப் பின்னாலும் டாஷ் டாஷ் ஹெல்ப் என்று போட்டால், இன்றைக்கு அதற்கு எந்தெந்த ஆப்ஷன் இருக்கிறது என்று அதுவே சொல்லும். அதை ஒரு பக்கமும் கையேட்டை ஒரு பக்கமும் வைத்து வரி வரியாக டிக் அடிப்பேன். புதிதாக வந்த ஆப்ஷன் கையேட்டில் இருக்காது, போய்விட்ட ஆப்ஷன் இன்னும் இருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் எனக்குச் சலித்ததில்லை. ஸ்கிரிப்ட் விஷயத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். ப்ராஜெக்ட் பட்டியலைத் தருகிற கட்டளையை ஸ்கிரிப்டில் வைக்கலாம். வரிசையில் காத்திருக்கிற வேலைகளைக் காட்டுகிற ஷோ கியூ, மனிதர் நேரில் பார்ப்பதற்கு மட்டும் என்று ஆவணமே சொல்கிறது. அதன் வெளியீட்டை நம்பி ஸ்கிரிப்ட் எழுதினால், நாளைக்கு அதன் வடிவம் மாறும்போது...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, ஒன்றா? ஒன்றாம். பழைய கட்டளைகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரிவியூ கட்டளைக்கு முன்பு அப்ரூவ் என்று பெயர். சர்வரின் தரவுத்தளத்தை நேரடியாகக் கேட்கிற ஜிஎஸ்க்யூஎல் என்று ஒன்று இருந்தது. 2019இல் வந்த 3.0 பதிப்பில் அந்தத் தரவுத்தளமே போய்விட்டது, கூடவே அந்தக் கட்டளையும். பழைய பக்கங்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். பழைய சர்வர் இன்னும் ஓடுகிற இடம் இருக்கும், அவர்களுக்கு அந்தப் பக்கம் வேண்டும். ஆகவே அந்தந்தப் பதிப்பின் ஆவணத்தை அந்தந்தப் பதிப்போடு விட்டுவையுங்கள். புதியதிலிருந்து மட்டும் நீக்குங்கள். நீக்கும்போது பட்டியல் பக்கத்தில் இருக்கிற இணைப்பையும் சேர்த்து எடுங்கள், எல்லாரும் விட்டுவிடுவது அதைத்தான்.

நேரம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.